வெள்ளித்திரைக் காடும் வத்தல்மலையும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. இதனை அவர்கள் மொழிந்த நாளில் திரைப்படம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, உள்ளங்கையில் ஒளிரும் கைப்பேசியும் இல்லை. எனினும் கண் ஏமாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த ஏமாற்றமே பெருந்தொழிலாக வளர்ந்த நூற்றாண்டு ஒன்றைக் கடந்து வந்திருக்கிறோம் நாம். அத்தொழிலின் தலைநகரம் அமெரிக்காவின் ஹாலிவுட். அதன் கிளைகளுள் ஒன்று நம் சேலத்திலும் இருந்தது.

1952ஆம் ஆண்டில் 'தி ஜங்கிள்' என்றொரு படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிற்று. இந்தியக் காட்டில் வெறிகொண்டு ஊர்களை அழிக்கும் விலங்குகள் எவை என்று தேடிப் போகும் வேட்டைக்காரரின் கதை அது. முடிவில் வெளிப்படும் விலங்கு புலியன்று, சிறுத்தையன்று. உடலெங்கும் சடைமயிர் தொங்கும் மாமத்து யானை! பனிக்காலத்தில் வடபுலத்துக் குளிர்வெளிகளில் திரிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போன உயிரினம் அது. தென்னிந்தியாவில் அது வாழ்ந்ததே இல்லை. நம் நாட்டு யானைகளின் மேல் செயற்கை மயிரைப் போர்த்தி அவற்றை மாமத்துகளாக்கி நடக்கவிட்டனர்.

இந்தப் படத்தைத் தயாரித்ததில் பெரும்பங்கு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு உரியது. வில்லியம் பெர்க் என்னும் அமெரிக்கர் இயக்கினார். டி. ஆர். சுந்தரம் கூட்டுத் தயாரிப்பாளர். தமிழில் அதன் பெயர் 'காடு'. அந்தச் சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலைத்தொடரை அடுத்து, உண்மையான காடும் உண்மையான மக்களும் கொண்ட வத்தல்மலை நின்றுகொண்டிருந்தது. இன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள அம்மலை, 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஒரே மாவட்டத்தில் இரண்டு காடுகள். ஒன்று அமெரிக்கா வரை சென்றது. மற்றொன்றுக்கு மாவட்டத் தலைநகரிலிருந்துகூடச் சாலை இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகல் மூலத்தை விழுங்கும் காலம்

மேலைநாட்டுச் சிந்தனையாளர் சிலர் நம் காலத்துக்குப் 'பின் நவீனத்துவ காலம்' என்று பெயரிட்டனர். பிரெஞ்சு அறிஞர் லியோத்தார் 1979இல் எழுதிய நூலால் இச்சொல் பரவியது. அமெரிக்கத் திறனாய்வாளர் பிரெடரிக் ஜேம்சன் 1984இல் எழுதிய நெடுங்கட்டுரை, முதலாளித்துவத்தின் முதிர்ந்த கட்டத்துக்குரிய பண்பாடே இது என்று வாதிட்டது. தமிழில் தமிழவன், அ. மார்க்ஸ் போன்றோர் இக்கருத்துகளை விவாதத்துக்குக் கொண்டுவந்தனர்.

சொல் கடினமாகத் தோன்றினும் அதன் உட்கருத்துகளுள் ஒன்று எளிதே. பிரெஞ்சு நாட்டு ழான் போத்ரியார் 1981இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். முற்காலத்தில் பொருள் முதலில் இருந்தது. படம் பிறகு வந்தது. இக்காலத்தில் படம் முதலில் வருகிறது. பொருள் அந்தப் படத்துக்கு ஒத்திருக்கிறதா என்று நாம் பின்னர் பார்க்கிறோம். நகல் பெருகப் பெருக மூலம் மறைகிறது. இறுதியில் மூலமே இல்லாத நகல்களும் உலவத் தொடங்குகின்றன. 1955இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து கேளிக்கை நகரை அவர் சான்றாகக் காட்டினார். 1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில், கதாநாயகன் கள்ளப் பொருளை மறைத்து வைக்கும் குடைந்த புத்தகம் போத்ரியாரின் இந்நூலே. திரைப்படத் தொழிலைக் குறை கூறிய நூலையே அத்தொழில் தன் காட்சிப் பொருளாக்கிக் கொண்டது.

மூலமே இல்லாத நகலுக்குச் சடை போர்த்திய சேலத்து யானையைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? போத்ரியார் எழுதுவதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அது திரையில் நடந்துவிட்டது.

சேலத்துக்கு வந்த அமெரிக்கா

மாடர்ன் தியேட்டர்ஸின் நிறுவனர் டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பியவர். 1930களின் நடுவில் சேலத்தில், ஏற்காட்டுச் சாலையில், படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். ஆலை நடத்துவதுபோல ஒழுங்கும் கால அட்டவணையும் கொண்டு படங்கள் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இந்நிறுவனம் தந்ததே. 1940இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. அதன் கதை பிரெஞ்சு எழுத்தாளர் துய்மாவின் நாவலிலிருந்து, அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஹாலிவுட் படத்தின் வழியாக நம்மிடம் வந்தது. பாரிசில் பிறந்த கதை ஹாலிவுட்டில் உடை மாற்றிச் சேலத்தில் தமிழ் பேசிற்று.

கதை மட்டுமன்று, ஆட்களும் வந்தனர். அவர்களுள் தலையாயவர் எல்லிஸ் ஆர். டங்கன். ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்று, உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பால் 1935இல் இந்தியா வந்தார். தமிழ் அறியாதவர். ஆயினும் 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' என வரிசையாகத் தமிழ்ப் படங்களை இயக்கினார். 1936இல் வந்த 'சதி லீலாவதி'யில்தான் எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலில் திரையில் தோன்றினார். மாடர்ன் தியேட்டர்ஸுக்காக டங்கன் இயக்கிய 'மந்திரி குமாரி' 1950இல் வெளிவந்தது. மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம். ஜி. ஆர். நாயகனாக நடித்தார். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சர்களான இருவரை ஒரே படத்தில் இணைத்த இயக்குநர் தமிழ் தெரியாத ஓர் அமெரிக்கர்!

டங்கனின் தொழில் நேர்மையையும் அவர் நம் படங்களுக்குத் தந்த ஒளியமைப்பு நுட்பத்தையும் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. நாம் எண்ண வேண்டியது வேறு. மொழி அறியாதவர் ஒரு நாட்டின் காவியங்களைப் படமாக்க முடிந்தது எதனால்? திரைக்கு மொழி தேவையில்லை. முகமும் ஒளியும் அசைவும் போதும். இதுவே திரையின் பெருவலிமை. இதுவே அதன் பேரபாயமும் ஆகும். சொல்லைக் கேட்டால் நாம் ஐயுறுகிறோம். காட்சியைக் கண்டால் ஐயமின்றி நம்பிவிடுகிறோம்.

'காடு' என்ற சொல்

'தி ஜங்கிள்' படத்தில் இந்திய இளவரசியாக நடித்தவர் மேரி வின்ட்சர் என்னும் அமெரிக்க நடிகை. ராமசிங் என்ற இந்தியராக நடித்த சீசர் ரொமேரோ கியூப வழித்தோன்றலான அமெரிக்கர். வேட்டைக்காரராக ராட் கேமரன் தோன்றினார். நம் எம். என். நம்பியாரும் அதில் உண்டு. யானை நம்முடையது, காடு நம்முடையது, நிலையமும் நம்முடையது. ஆனால் கதையை முன்னின்று நடத்தும் முகங்கள் மட்டும் நம்முடையவை அல்ல.

இனி 'காடு' என்ற சொல்லைப் பார்ப்போம். சேலம், தருமபுரிச் சீமையில் உழவர் தம் புன்செய் நிலத்தையும் காடு என்றே வழங்குவர். 'காட்டுக்குப் போய்வருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் உழவுக்கோ களையெடுப்புக்கோ போகிறார் என்பதே பொருள். வத்தல்மலையிலும் பெரியூர், பால்சிலம்பு என்னும் ஊர்களோடு சின்னாங்காடு, ஒன்றிக்காடு என்று காட்டின் பேர் கொண்ட ஊர்கள் இருக்கின்றன. அங்கே காடு என்பது மனிதர் திருத்தி, விதைத்து, அறுத்து, தம் முன்னோரைப் புதைத்த இடம். ஹாலிவுட்டின் 'ஜங்கிள்' என்பதோ மனிதர் இல்லாத, இருந்தாலும் பெயரில்லாத, வெள்ளையர் வந்து கண்டுபிடிக்கக் காத்துக்கிடக்கும் இடம். ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கு இடையே ஒரு வரலாறே மறைந்து கிடக்கிறது.

அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வந்த பெயர் என்பர். தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்கள் வாய்வழியாகக் காத்துவரும் மரபு. அவர்களுக்குத் தம்மைப் பற்றிய கதை இருந்தது. அதனைப் படமாக்க மட்டும் எவரும் வரவில்லை. சாமையும் கேழ்வரகும் கடுகும் விளைவித்து, பின்னாளில் காபியும் மிளகும் பயிரிட்ட இம்மக்கள், விளைச்சலைத் தலைச்சுமையாகவே கீழே இறக்கினர். நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்குத் துடிக்கும் பெண்களையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்தே தருமபுரிக்குக் கொண்டு வந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளுடன் வாகனம் ஏறும் சாலை அம்மலைக்கு வந்தது இந்த நூற்றாண்டில்தான். பேருந்து வந்தது அதற்கும் பின்னர்.

படச்சுருள் 1952இலேயே கடல் கடந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. தார்ச்சாலை தருமபுரியிலிருந்து வத்தல்மலை உச்சிக்கு ஏற அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

படம் செய்யும் தீங்கு

படம் வெறும் பொழுதுபோக்கு, அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்போர் உண்டு. அவர்கள் இதே தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியை நினைவிற்கொள்ள வேண்டும். சந்தனக் கடத்தலைப் பற்றிய செய்திகள் நாள்தோறும் தாள்களை நிறைத்த காலம் அது. மலையடிவாரத்துப் பழங்குடி என்றாலே கடத்தல்காரர் என்ற ஒரே சித்திரம் பலர் மனத்தில் பதிந்திருந்தது. 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர் பெரும்படையாக அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். நீதி கேட்டு அம்மக்கள் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தனர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அக்கொடுமையைச் செய்தது திரைப்படம் என்று நாம் சொல்லவில்லை, செய்தவர்கள் மனிதர்களே. ஆனால் ஓர் இனத்தை ஒரே படத்துக்குள் அடைத்துவிட்டால், அவர்களுக்கு நேரும் கொடுமையைக் கேட்டும் ஊரார் வாளாவிருப்பர். 'அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தாமே' என்ற ஒரு சொல் மனத்தின் கதவைச் சாத்திவிடுகிறது.

சாபுவின் கதை

காட்டின் படத்துக்குள் அடைபட்ட ஒரு தனிமனிதரின் கதையும் உண்டு. மைசூர்ச் சமஸ்தானத்துக் காராபூரில், மகாராஜாவின் யானைப் பாகர் ஒருவரின் மகனாக, முஸ்லிம் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர் சாபு. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ராபர்ட் பிளாஹர்ட்டி 'எலிபண்ட் பாய்' என்னும் பிரிட்டிஷ் படத்துக்காக அச்சிறுவரைத் தேர்ந்தெடுத்தார். படம் 1937இல் வெளிவந்தது. சாபு உலகப் புகழ் பெற்றார். 1940இல் 'பாக்தாத் திருடன்', 1942இல் 'ஜங்கிள் புக்'. பின்னதன் இந்தியக் காடு எழுப்பப்பட்டது கலிபோர்னியாவில்! 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அந்நாட்டு வான்படையில் விமானத்தின் வால்புறத் துப்பாக்கி வீரராகப் பணிபுரிந்து, வீர விருதும் பெற்றார்.

போரில் வீரராக இருந்தவருக்குத் திரையில் கிடைத்த வேடம் என்ன? பெரும்பாலும் அதே காட்டுப் பையன், அதே யானை. பையன் வளர்ந்து ஆடவரானார், வேடமோ வளரவில்லை. 1963இல், நாற்பது வயதும் நிறையாமல், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மாரடைப்பால் காலமானார். காராபூர்ப் பாகர் மகனுக்குப் புகழைத் தந்த படமே அவருடைய சிறையும் ஆயிற்று.

புரூக்ளினிலிருந்து வந்த ஒளிநாடா

அமெரிக்கா நம்மைப் படம் பிடித்தது. நாமும் அதனிடம் பாடம் படித்தோம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஓரிடத்தில் இருவரும் ஒரே பாதையில் நடந்தனர் என்பதே உண்மை. 1967 ஜனவரியில் திரைநடிகர் ரொனால்டு ரீகன் கலிபோர்னியாவின் ஆளுநரானார். அதே மாதத்தில் சென்னையில் எம். ஜி. ஆர். துப்பாக்கியால் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகித் தேர்தல் களத்தில் ஆயிரம் பேச்சாளர்களின் வேலையைச் செய்தது. 1977இல் எம். ஜி. ஆர். முதலமைச்சரானார். 1981இல் ரீகன் குடியரசுத் தலைவரானார்.

1984 அக்டோபரில் நோயுற்ற எம். ஜி. ஆர்., அடுத்த மாதம் சிகிச்சைக்காக நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் தேர்தல். அவர் ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. ஓர் ஊருக்கும் வரவில்லை. அவர் உயிருடன் தேறிவருவதைக் காட்டும் ஒளிநாடா அமெரிக்காவிலிருந்து வந்தது. தமிழகத்துச் சிற்றூர்தோறும் திரையிடப்பட்டது. ஆண்டிப்பட்டியில் அவரும் வென்றார், கட்சியும் வென்றது. இந்திரா காந்தி அம்மையாரின் படுகொலையால் எழுந்த அனுதாப அலையும் கூட்டணிக்குத் துணை நின்றது என்பது மெய்யே. ஆயினும் ஆள் இல்லாத இடத்தில் படம் வாக்குக் கேட்டது என்பதை வரலாறு மறுக்காது. ஜேம்சன் தம் கட்டுரையை வெளியிட்ட ஆண்டும் அதுவே. அறிஞர் அங்கே எழுதிக்கொண்டிருந்ததை நம் ஊர்த் திடல்கள் இங்கே கண்டுகொண்டிருந்தன.

ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எம். ஜி. ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'பிம்பச் சிறை' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. திரையில் ஏழைப் பங்காளர் என நின்ற உருவத்துக்கும் ஆட்சியின் வரவு செலவுக்கும் இருந்த இடைவெளியை அது ஆராய்கிறது. சிறை என்ற சொல் மிகப் பொருத்தம். அதில் அடைபடுவோர் நடிகர் மட்டுமல்லர்; பார்ப்பவரும் அடைபடுகின்றனர்.

நம்மைப் பற்றிய படம்

இக்கதை நம் சமுதாயத்தையும் தொடுகிறது. 1921இல் வந்த 'தி ஷேக்' தொடங்கி, அரபு மண் என்றால் மணல், ஒட்டகம், வாள், முக்காட்டுப் பெண்கள் என்றொரு பாக்தாதை ஹாலிவுட் கட்டியது. பிற்காலத்தில் வாள் வெடிகுண்டாக மாறிற்று, முகம் மாறவில்லை. லெபனான் வழிவந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன் 900க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்து 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அரபு மக்களை இழிவாகவே காட்டின என்பது அவர் கண்ட முடிவு. அரபு மக்களில் கிறிஸ்தவரும் உண்டு, முஸ்லிம்களில் அரபியர் சிறுபான்மையே என்ற எளிய உண்மைகளைக்கூட அத்திரை அறியவில்லை.

எதிர்ப்பு வீண்போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1992இல் டிஸ்னி நிறுவனம் தந்த 'அலாவுதீன்' கேலிச்சித்திரப் படத்தின் தொடக்கப் பாடலில் அரபு மண்ணை இழிவுபடுத்தும் அடிகள் இருந்தன. அரபு அமெரிக்கர் முறையாகக் கண்டனம் தெரிவித்தனர். மறு ஆண்டு வெளியான ஒளிநாடாவில் அவ்வடிகளுள் ஒரு பகுதி மாற்றப்பட்டது.

மீண்டும் சேலத்துக்கு வருவோம். 'காடு' எடுத்த அதே மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1956இல், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தந்தது. அதில் வரும் அரபு நாடும் ஹாலிவுட் கண்ட கனவு நாடே. ஆனால் அதே சுந்தரம் 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படத்தை இயக்கினார். பெயர் 'கண்டம் வெச்ச கோட்டு'. ஒட்டுப்போட்ட கோட்டு என்று பொருள். செருப்புத் தைக்கும் ஏழை முதியவர் ஒருவர் ஹஜ்ஜுப் பயணத்துக்கெனத் தம் கோட்டின் ஒட்டுகளுக்குள் காசு சேர்க்கிறார். வரதட்சணைக் கொடுமையால் ஓர் ஏழைப் பெண்ணின் மணம் தடைபடுவதைக் கண்டு அப்பணத்தை ஈந்துவிடுகிறார். அங்கே வாளில்லை, ஒட்டகமில்லை. மலபார் முஸ்லிம் குடும்பத்தின் அடுப்பங்கரையும் கண்ணீரும் ஈரமும் இருந்தன. நம் குறையையும் அது மறைக்கவில்லை. நம் மேன்மையையும் மறைக்கவில்லை.

ஒரே நிலையம்; ஒரே முதலாளி; ஒரே விதமான கருவிகள். ஒன்றில் யானைக்குச் சடை போர்த்தினர்; மற்றொன்றில் ஒரு மனிதரின் கோட்டுக்குள் இருந்த உள்ளத்தைக் காட்டினர். ஆகவே குற்றம் கருவியில் இல்லை. எடுப்பவர் அருகில் சென்று பார்த்தாரா, எட்ட நின்று கற்பனை செய்தாரா என்பதே வேறுபாடு.

தீர விசாரிப்பதே மெய்

இன்று படம் எடுக்க ஹாலிவுட்டும் தேவையில்லை. சேலத்து நிலையமும் தேவையில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் படப்பிடிப்பு ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. அதன் பழைய நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காட்டுச் சாலையில் எஞ்சி நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி வடிவில் ஒரு நிலையம் இயங்குகிறது. வத்தல்மலைக்கு வண்டியேறிப் போவோர் கொண்டை ஊசி வளைவையும் மேகத்தையும் படம்பிடித்துப் பரப்புகின்றனர். சாமை விளைவிக்கும் உழவர் அப்படங்களின் ஓரத்தில்கூட இல்லை. அப்படங்களைக் கண்டு வருவோரும் மேகத்தையே தேடுகின்றனர். நிகழாத நிகழ்ச்சியைக் கணிப்பொறியே நிழற்படமாக ஆக்கித் தரும் காலமும் வந்துவிட்டது.

இத்தகைய காலத்துக்கு நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள் செய்தியை மட்டும் பார்த்து ஏற்றாரல்லர். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்மையா, சொன்னவர் நாணயமானவரா என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் ஆராய்ந்தனர். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அச்செய்தியைத் தயங்கியே அணுகினர். அதே கேள்விகளைப் படத்தின் முன்னும் நாம் கேட்கலாகாதா? எடுத்தவர் யார்? யாருக்காக எடுத்தார்? அவ்விடத்துக்குப் போனாரா? அவ்வூராரிடம் பேசினாரா? சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது எது?

நம் பிள்ளைகள் படம் பார்க்காமல் வளரப்போவதில்லை. பார்க்கும்போது இக்கேள்விகளைக் கேட்கக் கற்பிப்பது பெற்றோர் கடமை. நம் சமுதாயத்தை இழிவாகக் காட்டும் படத்தைக் கண்டு மட்டும் சினந்து, மலைவாழ் மக்களையோ வேறு எளியோரையோ இழிவாகக் காட்டும் படத்தைக் கண்டு சிரித்தால் நம் சினத்தில் நீதி இல்லை. தனக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்பது நமக்குத் தகாது. சடை போர்த்திய யானையைக் காணும்போது, அச்சடைக்குள் இருந்த உயிருள்ள யானையையும், அதற்குப் பின்னால் சாலையின்றிக் கிடந்த மலையையும், அம்மலையில் காடு திருத்திய மனிதரையும் காணப் பழகுவோமாக.